அம்மாவின் மாடி அறைக் காற்று

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் சொந்தக்காரர்களில் பலருக்கு அம்மாவின் மேல் ஒரு குறை உண்டு. பெற்ற பெண்ணைக்கூடத் தன் ஓவிய அறைக்குள் விடாதவர் என்பார்கள். அது உண்மைதான். ஏன் விடவில்லை என்பதை அவர் யாரிடமும் விளக்கியதில்லை. முதலாம் ஆண்டு நினைவு நாளான இன்று நான் சொல்லிவிடுகிறேன்.

அம்மா பிறந்தது நங்கநல்லூரில். மணமாகி மயிலாப்பூருக்கு வந்தார். தி. நகர் ஜவுளிக்கடை ஒன்றில் வேலை பார்த்த அப்பா, நான் பள்ளியில் படிக்கும்போதே தவறிவிட்டார். அதன் பிறகு அம்மாவுக்குக் கைகொடுத்தது தூரிகைதான். இறந்தவர்களின் புகைப்படத்தைக் கொடுத்தால், மாலை போட்டு மாட்டுவதற்கு எண்ணெய் வண்ணத்தில் பெரிதாக வரைந்து தருவார். எங்கள் சின்ன வீட்டின் கூடமே பட்டறை. வண்ணம் கரைக்கும் டர்பன்டைன் வாடையிலேயே சாப்பிட்டோம், தூங்கினோம்.

எனக்கு மூச்சு இளைப்பு வந்தது. மழைக்காலம் என்றார்கள், தூசி என்றார்கள். வெயில் காலத்திலும் நிற்கவில்லை. ஆழ்வார்பேட்டை டாக்டர் ஒருவர்தான், வீட்டில் என்ன வேலை நடக்கிறது என்று கேட்டார். அம்மா சொன்னதும், அந்த வாடைதான் காரணம் என்றார். வரைவதை விட்டால் அடுப்பு எரியாது, விடாவிட்டால் நான் மூச்சு விட முடியாது. அந்த வாரமே எதிர்வீட்டு மொட்டை மாடி அறையை வாடகைக்குப் பிடித்தார்.

புகைபோக்கி ஃபேன் மாட்ட சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து வந்த எலக்ட்ரீஷியன், "இன்னாக்கா, ஓட்டல் சமையக்கட்டுக்கு மாட்ற சைஸு கேக்கறியே" என்று சிரித்தாராம். ஈரப் படத்தில் தெருப்புழுதி ஒட்டக்கூடாதே என்று ஜன்னலை அடைத்துவிட்டு அம்மா அந்த ஃபேனை ஓட்டினார். தலைவலிதான் மிச்சம். ஒருநாள் டர்பன்டைனையெல்லாம் வெளியே வைத்துவிட்டு, ஊதுபத்தி ஏற்றிப் பார்த்தார். புகை அறைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. ஃபேனுக்கு எதிரே அடைத்திருந்த ஜன்னலைத் திறந்ததும் நேராக வெளியே போயிற்று. பிறகு அந்த ஜன்னலை அவர் மூடவே இல்லை. புழுதிக்கு மெல்லிய துணி கட்டினார். வண்ணம் துடைத்த துணிகள் மூடி போட்ட தகர டப்பாவுக்குள் போகும். தரையைப் பெருக்கமாட்டார், ஈரத்துணியால் துடைப்பார். வீடு திரும்பினால் குளித்துப் புடவை மாற்றிய பிறகே என்னைத் தொடுவார்.

நான் மட்டும் அந்தப் படியேறக் கூடாது. பள்ளி விட்டு வந்து தெருவில் நின்று கூப்பிடுவேன். கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்து, "மேல வராத. அங்கயே நின்னு சொல்லு, கேக்குது" என்பார். ஆட்டோ போகிற தெருவில் நின்றுகொண்டு மனசில் இருப்பதையெல்லாம் கத்திச் சொல்ல முடியுமா? பாதியை விழுங்கிக்கொண்டு, பூட்டிய வீட்டைத் திறந்து உட்கார்ந்திருப்பேன். மேலே அவர் தனி, கீழே நான் தனி. "புள்ளைய உட்டுட்டு மாடில போய் குந்திக்கினு கீறா பாரு" என்று தெருவில் பேசினார்கள். அதையே நீங்கள் கொஞ்சம் நாகரிகமாகப் பேசினீர்கள்.

இளைப்பு பள்ளிப் பருவத்தோடு போய்விட்டது. கல்யாணமாகி அடையாறுக்குப் போனேன். அப்போதும் அம்மா மசியவில்லை. எனக்குத்தான் இப்போது ஒன்றும் இல்லையே என்று கெஞ்சினால், "ஒண்ணும் இல்லாமலே இருக்கட்டும்" என்பார்.

சென்ற ஆண்டு தூக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. காரியம் முடிந்த பிறகு முதல் முறையாகப் படியேறி, பயந்துகொண்டே கதவைத் திறந்தேன். வாடையே இல்லை. தாராளமாக மூச்சு வந்தது. அம்மா அங்கே இருந்ததற்கான வாசனைகூட இல்லாத அந்தச் சுத்தமான காற்றில் உட்கார்ந்து அழுதேன்.

அறை கொடுத்த எதிர்வீட்டு ஐயாவுக்கும், அந்நாட்களில் எனக்கு மாலைப் பலகாரம் கொடுத்துப் பேச்சுத் துணையாக இருந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும், செய்தி கேட்டதும் ஓடிவந்து தோள் கொடுத்த அனைவருக்கும் என் வணக்கமும் நன்றியும். ஒரு வேண்டுகோளும் உண்டு. உங்களில் பலருடைய வீட்டுச் சுவரில் அம்மா வரைந்த பெரியவர்களின் படம் இருக்கும். கடைசி நாட்களில் வரைந்ததாக, வண்ண வாடை இன்னும் போகாததாக இருந்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். படம் எனக்கு வேண்டாம். கொஞ்ச நேரம் அதன் பக்கத்தில் நின்று, மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்.