மண்ணுக்குள் வைத்த குறிப்புகள்

முள்ளிவாய்க்காலில் எங்கள் வீட்டு வளவுக்கு ஒரு முதியவர் மண்வெட்டியோடு வந்தார். பழஞ்சிலைகளைக் காக்கும் நூதனசாலையில் பணிப்பாளராக இருந்தவர், கவிஞர். பேசும்போதெல்லாம் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். சண்டையின் கடைசி நாட்களில் தன் காகிதங்களை இங்கேதான் புதைத்தாராம்.

“கவிதையள் போகட்டும் தம்பி. செல் குண்டு விழுந்து உடைஞ்ச கோயில் சிலையளின்ர குறிப்பு வேற எங்கயும் இல்லை.”

இருவரும் கிண்டினோம். தகரப்பெட்டி கிடைத்தது. உள்ளே காகிதமெல்லாம் களியாகிக் கிடந்தது; ஓர் எழுத்தும் மிஞ்சவில்லை.

அவர் கண்ணை மூடி, நினைவிலிருந்த அம்மன் சிலையொன்றைச் சொல்லத் தொடங்கினார். “எழுதுங்கோ தம்பி.” முகம், தோடு, வலக்கைத் தாமரை வரை சொன்னவர் நிறுத்திக் கண்ணைத் திறந்தார்.

“இடக்கையில என்ன இருந்தது, தம்பி?”

அந்தச் சிலையை நான் கண்டதே இல்லை. அது தெரிந்தும் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.