மிஷின் மேல் தப்பில்லையாம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் சாலையோரம் ஒரு பட்டறையில் பேக்கிங் பெட்டி செய்துகொண்டிருந்தேன். மறைமலை நகர் கம்பெனிகள் உதிரிபாகங்களை அடைத்து அனுப்பும் மரப்பெட்டிகள். முதலாளி எனக்குப் புதியவர் அல்ல. இருவரும் ஒரே இடத்தில் கூலிக்கு இழைப்புளி தள்ளியவர்கள். அவர் மேஜை நடுவில் வட்ட ரம்பம் சுழலும் பழைய டேபிள் சா ஒன்றை வாங்கிப் போட்டு முதலாளி ஆனார். நான் அதில் பலகை அறுக்க வந்தேன். எப்போதும் போல அண்ணா என்றே கூப்பிடுவேன்.

மழையில் கொட்டகைக்குள் தண்ணீர் ஏறியபோது, மிஷினைக் கயிறு கட்டித் தூக்கி மேடான பக்கத்தில் வைத்தார்கள். அன்றைக்கு நான் லீவு. அதற்குப் பிறகு பலகை ஒழுங்காகப் போகவே இல்லை. பாதி தாண்டியதும் இறுகும், கருகல் வாடை அடிக்கும், அறுத்த பக்கம் பழுப்பேறி வரும்.

"அண்ணா, மிஷின் பலகையைப் புடிக்குது. நிறுத்திட்டு ஒருவாட்டி பாத்துடலாம்" என்றேன்.

"பிளேடு மொக்கையா இருக்கும். சாணை போட்டுட்டு அறு. லோடு நிக்குது."

சாணை போட்டேன். மாற்றமில்லை. கருகின பலகையை அவர் கையில் கொடுத்து மறுபடியும் சொன்னேன்.

"உனுக்கு இன்னா, வேலை செய்ய மனசு இல்லியா?" என்றார்.

வாயை மூடிக்கொண்டு அறுத்தேன். அந்த வாரமே அது நடந்தது. பிளேடின் பின்பக்கப் பல்லில் சிக்கிய பலகை அப்படியே என் பக்கம் பாய்ந்து அடிவயிற்றில் இடித்தது. மரத்தூளில் விழுந்து மூச்சுக்குத் தவித்தேன். ஆஸ்பத்திரியில் வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது என்று படுக்க வைத்துவிட்டார்கள். அலறிக்கொண்டு வந்த என் மனைவியிடம் முதலாளி சொன்னது கட்டிலில் கிடந்த என் காதிலும் விழுந்தது.

"மிஷின் மேல ஒரு தப்பும் இல்லம்மா. உங்க வூட்டுக்காரரு கொஞ்சம் கவனமா இருந்திருக்கணும்."

வயிற்று வலியைவிட அதுதான் தாங்கவில்லை. பார்க்க வந்த சொந்தக்காரர்களிடமெல்லாம் என் மனைவி, "இவரு கவனிக்கலை" என்று சொல்ல ஆரம்பித்தாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது, அவளுக்கு மிஷினைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் முதலாளி மரம் அறுத்தவர்! கருகின பலகையைக் கையில் வாங்கிப் பார்த்தவர்!

உடம்பு தேறி வேலைக்குத் திரும்பிய அன்று நேராக மிஷினிடம் போனேன். ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

"இன்னாய்யா இது? கம்பெனி வண்டி வந்துடும்" என்று முதலாளி ஓடிவந்தார்.

"வரட்டும். இதப் பாக்காம ஒரு பலகை அறுக்க மாட்டேன்."

பிளேடில் ஒரு பல்லுக்குச் சாக்பீஸால் அடையாளம் வைத்தேன். பலகையை ஒட்டித் தள்ளுவோமே, அந்தக் கைடு, அதற்கும் அந்தப் பல்லுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை முன்பக்கம் அளந்தேன். பிளேடைக் கையால் உருட்டி அதே பல்லைப் பின்னுக்குக் கொண்டுபோய் மறுபடி அளந்தேன். பின்னால் இடம் குறைந்திருந்தது. முன்னால் தாராளமாக நுழையும் பலகை பின்னால் நெருக்குப்படாமல் என்ன செய்யும்? கைடைக் கழற்றினால் அதைத் தாங்கும் கம்பி வளைந்திருந்தது. கயிறு உரசிய தடம்கூட அழியவில்லை. மிஷினைத் தூக்கக் கயிற்றை அதில்தான் கட்டியிருக்கிறார்கள். அறுத்த பிளவு மூடிக்கொள்ளாமல் பிளேடுக்குப் பின்னால் நிற்க வேண்டிய இரும்புத் தகடு மூலையில் துருப்பிடித்துக் கிடந்தது. இடைஞ்சல் என்று முதலாளி எப்போதோ கழற்றிப் போட்டது.

கம்பியைக் கல்லில் வைத்து அடித்து நிமிர்த்தினேன். ஒவ்வொரு அடிக்கும் வயிற்றுக்குள் சுரீர் என்றது. கைடை மாட்டி, முன்னும் பின்னும் அளவு ஒன்றாக வரும்வரை தட்டித் தட்டி முடுக்கினேன். தகட்டையும் துருவைத் தேய்த்துப் பொருத்தினேன். முதலாளி பக்கத்தில் நின்று பார்த்தார்.

மத்தியானம் மனைவி சாப்பாடு கொண்டு வந்தாள். அவள் கண்ணெதிரே ஃபியூஸை மாட்டி ஒரு பலகை அறுத்தேன். வெண்ணெய் மாதிரி போயிற்று. அறுத்த பக்கத்தை அவளிடம் காட்டினேன், கூடவே பழைய கருகின துண்டையும்.

"இப்ப சொல்லுங்கண்ணா இவகிட்ட. யாரு மேல தப்பு?"

அவர் கழுத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "மிஷின்ல கொஞ்சம் கோளாறு இருந்துதும்மா."

கொஞ்சமாம்! நான் வாய் திறப்பதற்குள் என் மனைவி கேட்டுவிட்டாள்.

"அப்ப ஆஸ்பத்திரில ஏன் சார் இவரைச் சொன்னீங்க? இவரு உசிருக்குப் போராடிக்கினு கெடந்தாரே."

"அந்த நேரத்துல... வுடும்மா, வண்டி வந்துடும்" என்று அவர் வாசல் பக்கம் போய்விட்டார்.

அன்றைய லோடை அறுத்துக் கொடுத்தேன். அடுத்த வாரம் சேலையூரில் கதவு, ஜன்னல் செய்யும் பட்டறையில் சேர்ந்தேன். அவர் ஆள் மேல் ஆள் அனுப்பினார், நான் போகவில்லை. என் மனைவி, முன்பு தான் அப்படிச் சொல்லியிருந்த அத்தனை பேரையும் தேடிப் போய், "மிஷினைப் பாக்காமலே இவரு மேல பழியைப் போட்டுட்டாங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். படப்பையிலிருந்த அவள் அக்கா வீட்டுக்கு அதைச் சொல்வதற்கென்றே பஸ் ஏறினாள்.