மாமாவின் கல்வீடு

டென்மார்க்கில், பிராண்டேயில் ஐந்து வீடு கட்டி விற்றவன் நான். கார் திருத்தும் கராஜ் ஒன்று, எங்கள் சனம் கல்யாணம் வைக்க மண்டபம் ஒன்று, அவையும் என் கையால் எழும்பினவைதான். வங்கி கைவிரித்தது, கொமூன் என்கிற நகரசபைக் கந்தோரில் வரைபடத்தைத் திருப்பிவிட்டார்கள், அப்படியும் கட்டினேன். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ஆனால் என் முதல் கட்டட வேலை எட்டு வயதில், ஒரு சாமிப்படத்தோடு தொடங்கியது.

அப்போது அம்மாவும் மாமாவும் நானும் ஊருக்கு வெளியே ஒரு பழைய பண்ணைவீட்டில் வாடகைக்கு இருந்தோம். முற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் கட்டடம், நாணற்புல் வேய்ந்த தடித்த கூரை. ஒரு பக்கத்தில் மனிதர், மற்றவை ஒருகாலத்தில் மாட்டுக்கும் வைக்கோலுக்கும். வெளியே செங்கல், உள்ளே வழுவழுப்பான பலகை. யாழ்ப்பாணத்துக்கு டெலிபோன் எடுக்கும்போதெல்லாம் மாமா, தங்கச்சியைக் கல்வீட்டில் வைத்திருப்பதாகச் சொல்லுவார். ஊரில் எங்களுடையது மண்வீடு. அந்தக் குறையைக் கடல் தாண்டி வந்து தீர்த்தவர் அவர்.

தைப்பொங்கலுக்கு முன்னம் சாமிப்படத்தைக் கிழக்குப் பார்க்க மாட்டச் சொன்னார் அம்மா. மாமா படத்தைப் பிடித்தார், நான் சுத்தியலைப் பிடித்தேன். ஆணியில் ஓங்கிப் போட்ட அடியில் பலகை கழன்று விழ, பின்னாலிருந்து வைக்கோல் கலந்த களிமண் பொலபொலவென்று கொட்டியது. கறுத்த மரச்சட்டங்களுக்கு இடையில் சுவர் முழுக்க மண்.

மாமா கட்டிலில் இருந்துவிட்டார். வீட்டுக்காரக் கிழவர் கண்டால் வீட்டை விட்டு எழும்பச் சொல்லிவிடுவார், கொட்டுகிற பனிக்குள் எங்களுக்கு வேறு யார் வீடு தருவார்கள் என்பது அவர் பயம். பொந்துக்குச் சீமெந்து பூசிப் பலகையை மேலே அடித்துவிடலாம் என்றார்.

"மண்ணில சீமெந்து நிக்காது அண்ணை," என்றார் அம்மா. "சாணி வேணும்."

வாளியோடு பக்கத்துப் பண்ணைக்குப் போனேன். எதற்கென்று கேட்ட பண்ணைக்காரரிடம், வீட்டுச் சுவரில் பூச என்று நல்ல டேனிஷில் சொன்னேன். அவர் வாளியை நிரப்பித் தந்துவிட்டு, நேரே வீட்டுக்காரருக்கு டெலிபோன் எடுத்துவிட்டார்.

கிழவர் வந்தபோது அம்மா முழங்கை வரை சாணியும் களிமண்ணுமாக நின்றார். மாமா என் தோளை அழுத்தினார்.

"தம்பி, முந்தியே உடைஞ்சு கிடந்தது எண்டு சொல்லு."

நான் உள்ளதைச் சொன்னேன். ஆணி அடித்தது நான், ஊரில் எங்கள் வீட்டிலும் அம்மா இப்படித்தான் பூசுவார் என்றேன்.

கிழவர் கோட்டைக் கழற்றினார். வாளிக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்து, அம்மா விட்ட இடத்திலிருந்து பூசத் தொடங்கினார். தன் தாயும் கோடை பிறக்கும்போது இப்படித்தான் பூசுவாராம். நகரத்தில் பெண் எடுத்தபோது வெட்கப்பட்டு, தானே பலகை அடித்து மூடினாராம். நான் தமிழில் சொல்லச் சொல்ல மாமாவின் முகம் போன போக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

"அப்ப இதுவும் மண்வீடுதானோ?"

"ஓம் அண்ணை. நல்ல மண்," என்றார் அம்மா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

மிச்சப் பலகைகளைக் கிழவரே கழற்றினார். எங்களை எழும்பச் சொல்லவில்லை; நான் வளர்ந்ததே அந்த வீட்டில்தான். அடுத்த டெலிபோனிலும் மாமா கல்வீடு என்றே சொன்னார், அம்மா திருத்தவில்லை. ஒரே மண்ணுக்கு இரண்டு தேசத்தில் இரண்டு ஆம்பிளைகள் வெட்கப்பட்டிருக்கிறார்கள் என்பது அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.

இப்போது கொமூன்காரர் அதைப் பழம்பெரும் வீடென்று பாதுகாக்கிறார்கள். வாசலில் நட்ட அறிவிப்புப் பலகையில் கூரையின் கதை, செங்கல்லின் கதை எல்லாம் இருக்கிறது. மண்சுவரை வெளியே கொண்டுவந்தவர் வீட்டுக்காரர் என்றும் இருக்கிறது. அது பிழை. ஆணி அடித்தது நான், பூசியது என் அம்மா. கொமூன்காரரே, இரண்டு பேரின் பெயரையும் அந்தப் பலகையில் போடுங்கள். எழுத இடம் இல்லையென்றால் சொல்லுங்கள், பெரிய பலகை நானே செய்து தருகிறேன்.