விமானத்தில் இருக்கவேண்டிய அண்ணை

வானத்தில் பறக்கும் விமானத்துக்குள் இருக்கவேண்டிய ஆள் குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்றால், அவர் செத்துப்போய்விட்டார் என்றுதான் அர்த்தம். ஐம்பத்திரண்டு வயதில், காலை பத்து மணி வெயிலில் நான் நம்பியது இதைத்தான். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். இத்தனைக்கும் எங்கள் ஊர் வேலணையில் யாராவது பேய்க்கதை தொடங்கினால் முதலில் நக்கலடிக்கிறவன் நான்.

அண்ணை லண்டனில் இருந்து பத்து வருடத்துக்குப் பிறகு வருகிறார். கொஞ்ச மாதமாக அவர் தொலைபேசியில் பேசுவதில்லை, எழுதித்தான் அனுப்புவார். கேட்டால் குளிர், தொண்டைக்கட்டு என்பார். வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் நயினாதீவு அம்மாளைக் கும்பிட்டுவிட்டுத்தான் வீட்டு வாசலை மிதிக்கவேண்டும் என்பது அம்மாவின் சட்டம். அதனால் மறுநாள் பூசைக்குச் சொல்லிவைக்க நான் படகேறப் போனேன்.

கையில் போன். லண்டனில் இருந்து கட்டுநாயக்கா விமான நிலையம் எட்டாயிரத்து எழுநூறு கிலோமீற்றர், நேரே பறந்தால் பத்தரை மணித்தியாலம். பஸ்ஸில் வந்த அத்தனை பேருக்கும் பாடம் எடுத்துவிட்டேன். திரையில் அண்ணையின் குட்டி விமானம் அரபிக்கடலுக்கு மேலே ஊர்ந்தது. இன்னும் இரண்டரை மணித்தியாலம்.

நிமிர்ந்தேன். நயினாதீவுப் படகில் இருந்து அண்ணை இறங்குகிறார். வேட்டி, நெற்றியில் திருநீறு, கழுத்தில் சால்வை.

விமானம் விழுந்துவிட்டது, உயிர் மட்டும் வந்து நேர்த்திக்கடனை முடித்துவிட்டுப் போகிறது. இவ்வளவையும் ஒரு மூச்சில் கணக்குப் பார்த்த மூளை என்னுடையது. திரும்பி ஓடினேன். ஒரு செருப்பு அங்கேயே கிடந்தது.

பின்னால் குரல் கேட்டது. "டேய் சின்னான், நில்லடா!" நம்பினால் நம்புங்கள், மூன்று தரம். அந்தப் பெயரால் என்னைக் கூப்பிடுகிறவர் உலகத்தில் அண்ணை ஒருவர்தான். மூன்றாம் தரம் கெஞ்சுவதுபோல் இருந்தது. நான் தேவாரத்தை வரி மாற்றிப் பாடிக்கொண்டு பஸ்ஸில் தொற்றினேன்.

வீட்டு வாசலிலேயே கத்தினேன்: "அம்மா, அண்ணை செத்துப்போட்டாரணை!"

அம்மா நிலத்தில் விழுந்து குழறினா. அயல் முழுக்கக் கூடிவிட்டது. என் மனைவிதான் போனைப் பறித்துப் பார்த்தா. "இஞ்சாருங்கோ, விசரே உங்களுக்கு? பிளேன் பறந்துகொண்டெல்லோ இருக்கு!"

அந்த நேரம் பார்த்து ஓட்டோவில் அண்ணை வந்து இறங்கினார். கையில் என் செருப்பு.

குழறல் அடங்கியதும் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்ச் சால்வையை விலக்கினார். தொண்டைக்குழியில் ஒரு துளை. போனில் எழுதிக் காட்டினார்: "புற்றுநோய். குரல்வளையை எடுத்து நாலு மாசம். அம்மாவுக்குப் பக்குவமாச் சொல்ல உன்னாலதான் ஏலும். உன்னைத் தனியக் காணத்தான் ஒருத்தருக்கும் சொல்லாமல் முதல்நாள் பிளேனில வந்தனான்."

"அப்ப துறையில கூப்பிட்டனீங்களே? மூண்டு தரம்?"

 அண்ணை எழுதினார்: "கை தட்டினனான்."

அந்தக் குரல் இன்றைக்கும் என் காதில் கிடக்கிறது, மூன்றாவதாகக் கூப்பிட்டபோது இருந்த கெஞ்சலோடு. அதற்கு என்னிடம் கணக்கு இல்லை. எனக்குத் தெரிந்த உண்மை இவ்வளவுதான்: குரல் போனதை முதலில் என்னிடம் சொல்ல எட்டாயிரத்து எழுநூறு கிலோமீற்றர் வந்த மனிதர் கை தட்டினார். நான் ஓடினேன்.