மறியலுக்குப் போன படக்கதை

படக்கதைப் புத்தகம் சேர்க்கிற பிள்ளைகள் எங்கள் தெருவிலேயே நாலைந்து பேர் இருந்தார்கள். நான் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தவள் இல்லை. நான் சேர்த்தது படக்கதையின் அசல், அதாவது ஓவியர் தம் கையால் மை தொட்டு வரைந்த அட்டை. கள்ளக்குறிச்சி தாலுகாவிலேயே அது என் ஒருத்தியிடம்தான் இருந்தது என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன்.

என் சித்தப்பா மெட்ராசில் பிளாக் செய்யும் கடையில் வேலை பார்த்தார். பத்திரிகைக்காரர்கள் கொடுக்கும் படத்தைப் புகைப்படம் எடுத்து, அச்சடிப்பதற்கான தகடு செய்து கொடுப்பது அந்தக் கடையின் தொழில். தகடு தயாரானதும் அசல் படத்தை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. கடையில் மற்றவர்கள் அதன்மேல் டீ கிளாஸ் வைத்தார்கள், பார்சலுக்கு முட்டுக் கொடுத்தார்கள். சித்தப்பா மட்டும் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வரும்போது எனக்கென்று ஒரு கட்டு கொண்டுவருவார். மற்ற வீட்டுச் சித்தப்பாக்கள் பலகாரம் வாங்கி வந்தார்கள். அந்தப் பிள்ளைகளை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

அசல் அட்டை, அச்சான பக்கத்தைப் போல இரண்டு பங்கு பெரிது. மைக்கோட்டுக்கு அடியில் நீலப் பென்சில் கோடு தெரியும். மூக்கு கோணிப்போன இடத்தில் வெள்ளைப் பெயிண்டைப் பூசி வேறு மூக்கு வைத்திருப்பார்கள். பேச்சையெல்லாம் தனித்தாளில் எழுதி, வெட்டி ஒட்டியிருப்பார்கள். தடவினால் விரலில் மேடு தட்டும். ஆனால் யாரையும் தடவ விடமாட்டேன். கையைக் கழுவித் துடைத்து, முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பவர்களுக்கு மட்டுமே காட்டுவேன். வாத்தியாருக்கும் அதே சட்டம்தான்.

மலைக்கோயில் நகையைத் திருடியவனைத் துரத்திப் போகும் ஒரு பெண் துப்பறிவாளரின் கதை, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை என்னிடம் முழுசாகச் சேர்ந்த வருஷத்தில்தான் ஒதுக்கீட்டுப் போராட்டம் மூண்டது. எங்கள் ஜனங்களுக்குப் படிப்பிலும் சர்க்கார் வேலையிலும் தனியாக இடம் வேண்டும் என்று ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள். ரோட்டில் மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டதால் போராட்டத்தை நான் முழுமனதோடு ஆதரித்தேன்.

என் அண்ணன் பிளஸ் டூ முடித்து, போலீஸ் வேலைக்கு மனுப் போட்டுவிட்டு, தினமும் விடியலில் கரும்புக்காட்டைச் சுற்றி ஓடிப் பழகிக்கொண்டிருந்தான். ஊரிலேயே நல்ல கையெழுத்து அவனுடையது. அதனால் மறியலுக்குக் கோஷ அட்டை எழுதுகிற வேலை அவன் தலையில் விழுந்தது. கடைகளெல்லாம் சாத்திக் கிடந்தன. அட்டைக்கு எங்கே போவான்?

பம்புசெட்டில் குளித்துவிட்டு வந்த நான் வாசலில் அப்படியே நின்றுவிட்டேன். என் படங்கள் அத்தனையும் குப்புறக் கிடந்தன. வெறுமையாக இருந்த பின்பக்கங்களில் சிவப்பு எழுத்து காய்ந்துகொண்டிருந்தது.

“அது என்னுதுண்ணா! இன்னா பண்ணி வெச்சிருக்கே?”

“கத்தாதே பாப்பா. பின்னாடி சும்மாதான இருந்திச்சி, அதுல எழுதிக்கினேன். படம் அப்படியே கீது, வந்து பாரு.”

படம் அப்படியேதான் இருந்தது. அழுக்குப் படாமலிருக்க அடியில் அம்மாவின் பழைய சேலையை விரித்திருந்தான். ஆணி அடித்தால் நான் செத்தே போவேன் என்று தெரிந்து, மூங்கில் குச்சிகளின் நுனியைப் பிளந்து அட்டையைச் செருகப் போவதாகச் சொன்னான். அட்டை பற்றாமல் ஒரு சோப்புப் பெட்டியைக் கிழித்து அதிலும் எழுதியிருந்தான். அதில் மட்டும் அவனுக்குக் கொஞ்சம் வேகம் வந்து, மந்திரி ஒருவரை அவன் இவன் என்று எழுதிவிட்டான்.

நான் விழுந்து புரண்டு அழுதேன். கடைசியில் ஊர்வலத்துக்கு நானும் வருவேன், அட்டைகளைப் பக்க வரிசைப்படிதான் பிடிக்க வேண்டும் என்று ஒப்பந்தமாயிற்று. கோஷம் முன்னே பின்னே போகலாம், கதை அப்படிப் போகமுடியுமா? ஊர்ப் பெரிய மனுஷர்களை ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன்.

“மாமா, நீங்க நாலாம் பக்கம். மூணுக்குப் பின்னாடி வாங்க.”

“இது இன்னாடி, ரேஷன் கடையா?” என்று மாமா முறைத்தார். ஊர்வலத்தை நடத்திப்போன பெரியப்பாதான், “வுடுப்பா, வரிசையா போனா பாக்க நல்லாத்தான் இருக்கும்” என்று தீர்ப்புச் சொன்னார்.

நன்றாகத்தான் இருந்தது. கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் ஓரமாக நின்றவர்கள் எதிரே வரும் கோஷத்தை ஒரு பார்வை பார்த்தார்கள். அட்டை தங்களைத் தாண்டியதும் கழுத்தைத் திருப்பி, அதன் பின்னால் இருந்த படத்தைப் படித்தார்கள். அதற்குள் அடுத்த பக்கம் வந்துவிடும். சேலம் ரோட்டில் எங்கள் ஆட்கள் உட்கார்ந்து பஸ்களை மறித்தபோது, கல்வராயன் மலைக்குத் திரும்ப வழியில்லாமல் சாமை மூட்டையோடு நின்ற ஒரு மலைக்காரம்மா என்னிடம், “நகை கெடச்சிதா பாப்பா?” என்று கேட்டாள். கடைசிப் பக்கத்தைப் பிடித்திருந்தவரைத் திருப்பி உட்காரவைத்து அவளுக்குக் காட்டினேன். அன்றைய போராட்டத்தில் முழு வெற்றி பெற்றது நான்தான்.

பிறகு போலீஸ் லாரி வந்தது. ஆண்களை ஏற்றினார்கள். அட்டைகளைக் குச்சியோடு பிடுங்கி உள்ளே எறிந்தார்கள்.

கைதானவர்களைக் கல்யாண மண்டபத்தில் வைத்திருந்து சாயங்காலம் விடுவது வழக்கம் என்பதால் பெண்கள் சோறு எடுத்துக்கொண்டு போனார்கள். அம்மாவோடு நானும் போனேன். மணமேடையில் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். குச்சிகளை உருவிவிட்டு என் அட்டைகளை வரிசைப்படி அடுக்கிப் படித்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. கையைக் கழுவினாரா என்பதுதான் சந்தேகம்.

அவர் சோப்புப் பெட்டி அட்டையைத் தூக்கிக் காட்டினார். “மத்தவங்க சாயங்காலம் வூட்டுக்குப் போலாம். மந்திரியைப் பத்தி எழுதினவன் மட்டும் போவ முடியாது. யாருய்யா எழுதினது?”

பெரியப்பா குனிந்து சோற்றைப் பிசைந்தார்.

“சொல்லலைன்னா எல்லா அட்டையும் கோர்ட்டுக்குப் போவும். அங்க கெடந்து மக்கட்டும்.”

நான் மேடையில் ஏறி அட்டைக் கட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். “இது என்னுது சார்! தரமாட்டேன்!” ஒரு போலீஸ்காரர் தோளைப் பிடித்து இழுத்தார். நான் விடவில்லை. தொண்டை கிழியக் கத்தினேன்.

சாப்பிட உட்கார்ந்திருந்த அண்ணன் என்னைப் பார்த்தான். பிறகு எழுந்து நின்றான்.

“நான்தான் சார் எழுதினேன். கேசுக்கு அந்த சோப்புப் பொட்டி அட்டை ஒண்ணு போதும். படம் போட்டதெல்லாம் பாப்பாவோடது, குடுத்துடுங்க சார்.”

பெரியப்பா அவன் சட்டையைப் பிடித்து உட்காரவைக்கப் பார்த்தார். அதற்குள் சொல்லி முடித்துவிட்டான். ஒருவன்மேல் வழக்கு விழுந்தால் போலீஸ் வேலையை அவன் மறந்துவிட வேண்டியதுதான் என்பது அந்த மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். எனக்குத் தெரியாது. ஒதுக்கீடு சில வருஷம் கழித்து வந்தது. அதில் எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அண்ணன் கரும்புக்காட்டைச் சுற்றி ஓடுவதை அந்த வருஷத்தோடு நிறுத்திவிட்டான்.

அவனுடைய பெயரையும் அப்பா பெயரையும் கேட்டு எழுதிக் கையெழுத்து வாங்கும்போது, நான் மேடையிலேயே உட்கார்ந்து பக்கங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். வேனில் ஏறும்போது அவன் என் தலையில் தட்டிவிட்டுப் போனான். கடலூர் ஜெயிலுக்குக் கொண்டுபோகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். கடலூரில் கடல் இருப்பது எனக்குத் தெரியும். “வரும்போது கிளிஞ்சல் எடுத்துக்கினு வாண்ணா” என்று கத்திச் சொன்னேன்.

வீட்டுக்கு நடந்தோம். அட்டைக் கட்டைத் தலைமேல் வைத்துக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். அண்ணன் தொடாத சோற்றைத் தூக்கில் எடுத்துக்கொண்டு அம்மா பின்னால் வந்தாள். ஊர் எல்லை வந்த பிறகுதான் அவள் அழுவது எனக்குக் கேட்டது. நின்று, திரும்பி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னேன்.

“அழாதம்மா. எல்லாப் பக்கமும் வந்துடுச்சி.”