அறுந்தது கம்பிவடம்

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து ஆண்டுகள் ஆகியிருக்கும். விஸ்வநத்தம் சாலையில் ஓர் அச்சகத்துக்கு மாடித்தளம் போட்டார்கள். கான்கிரீட் ஏற்றும் லிப்ட் மெஷினுக்குப் பூசை செய்து பதிகம் பாடக் கண்ட்ராக்டர் ஓதுவாரான என்னை அழைத்திருந்தார். எலுமிச்சை, பூசணிக்காய், ரோஜாமாலை, எதிலும் குறைவில்லை. சந்தனம் பூசியபோது, தொட்டியைத் தூக்கும் கம்பிவடத்தில் பிரிந்து நின்ற இழையொன்று என் விரலில் குத்தியது.

"வடம் நைந்திருக்கிறதே" என்றேன்.

"இன்னைக்கு ஒரு நாள் தாங்கும் சாமி. நீங்க பாட்டைப் பாடுங்க."

பாடினேன். அதற்காக இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை.

பதினோரு மணிக்கு வடம் அறுந்தது. கான்கிரீட் நிறைந்த தொட்டி மேலிருந்து விழுந்து, கீழே ஜல்லி அள்ளிக்கொண்டிருந்த சித்தாள் பெண்ணின் இடக்காலை நசுக்கியது. பட்டாசு ஆலையின் நெருப்புக்கு அஞ்சி, இதுவே பத்திரம் என்று கட்டட வேலைக்கு வந்தவள் அவள்.

அவளை ஏற்றிச் சென்ற ஆட்டோவின் புழுதி அடங்குமுன் கண்ட்ராக்டர் தீர்ப்பெழுதிவிட்டார். "தீட்டோட வந்து நின்னிருக்கா. சாமிக்குப் பொறுக்கல." பிறகு என் பக்கம் குழைந்தார். "போலீஸ் கேட்டா தெய்வக் குத்தம்னு நீங்களே சொல்லிருங்க. நீங்க சொன்னா ஊரு நம்பும்."

நான் வாழ்நாளெல்லாம் பாடிய இறைவன், கூலியாளாய் மண் சுமந்து முதுகில் பிரம்படி பட்டவன். அவனா ஒரு கூலிக்காரியின் காலை முறிப்பான்? புதுவடம் மாட்ட மனமில்லாதவர் தம் பழியை அவன்மேல் சுமத்துவதைவிடப் பெரிய தெய்வக் குற்றம் எது?

மறுநாள் விருதுநகர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தத் தீட்டுப் பேச்சு எனக்கு முன்பே வார்டுக்கு வந்திருந்தது. காலில் கட்டோடு கிடந்தவள் கும்பிட்டு அழுதாள்.

"நான் தீட்டா இல்ல சாமி. எங்க ஆத்தா மேல சத்தியம். இனி எவன் என்னைய வேலைக்குக் கூப்பிடுவான்?"

அடுத்த கட்டில்காரி எகிறினாள்: "நீ ஏன்டி சத்தியம் பண்ணுத? மெஷினுக்குத் தீட்டுப் பட்டுச்சுன்னா, அதைத் தலைக்குக் குளிக்கச் சொல்லு!"

"தீட்டாகவே இருந்திருந்தாலும் இரும்பு அறாது, தாயே" என்றேன் நான்.

வாக்குமூலம் எழுத வந்த ஏட்டிடம் அங்கேயே நின்று சொன்னேன்: வடம் நைந்திருந்ததைக் காலையிலேயே கண்டேன், சொன்னேன், கண்ட்ராக்டர் கேட்கவில்லை, நானும் தடுக்காமல் பாடினேன்.

"தெய்வக் குத்தம்னு பேசிக்கிடுதாகளே அய்யா?"

"அதை எழுதாதீர்கள். நான் கண்டதை எழுதுங்கள்."

கையெழுத்திடுமுன், எழுதியதை உரக்க வாசிக்கச் சொன்னேன். வார்டு முழுவதும் கேட்டது. அவள் கண்களை மூடி, ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.