பெயரை மறைத்துப் படிப்பவள்

என் தங்கையை வீட்டில் சல்லடை என்போம். எதையும் இரண்டாம் முறை அலசாமல் விடமாட்டாள். வேலையும் அதற்கேற்றாற்போல் அமைந்தது. பூமியின் சூட்டைத் தணிக்க யார், எங்கே, என்ன திட்டம் போடுகிறார்கள் என்று திரட்டி, வகை பிரித்து, வரைபடத்தில் ஏற்றி வெளியிடும் அலுவலகம். நான் பத்தாவதோடு நின்றவள்; இதெல்லாம் அவள் சொல்லித் தெரிந்துகொண்டதுதான்.

பெரிய வகைகள் இரண்டு. காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுப்பது ஒன்று: காடு வளர்ப்பது, பாறையைப் பொடித்து வயலில் இறைப்பது, எந்திரம் வைத்து உறிஞ்சுவது எல்லாம் இதில் சேரும். வெயிலைத் திருப்பி அனுப்புவது மற்றொன்று. உயரத்தில் கந்தகத் துகள் தூவுவதும், கடல்மேல் உப்புநீர் தெளித்து மேகத்தை வெளுக்க வைப்பதும் அந்த வகை. அதற்கு மட்டும் அக்கம்பக்கத்து மக்களின் சம்மதம் வேண்டும் என்று விதி இருக்கிறது. அதனால் அந்த வகையில் சேராமல் தப்பிக்க, நிறுவனங்கள் திட்டத்துக்குக் குளிர்ச்சியான பெயராகப் பார்த்து வைத்துவிடும்.

தங்கை கணினித் திரையில் பெயர் வரும் இடத்தில் ஒரு காகிதப் பட்டையை ஒட்டிவிட்டுத்தான் படிப்பாள்.

"திரைக்கு என்ன காயமா, பிளாஸ்திரி போட்டிருக்கே?" என்று பக்கத்து மேசைக்காரர் கேலி செய்வாராம்.

"எதைத் தூவுறான், அது எதைத் தொடுதுன்னு தெரிஞ்சா போதும் சார். பேரு எதுக்கு?"

உறைந்த விரிகுடா ஒன்றில் பனி உருகாமலிருக்கக் கண்ணாடி மணிகளைத் தூவும் திட்டம் வந்தது. அதற்கென்று 'பனி காப்பு' என்ற புது வகையை அவளே உண்டாக்கினாள். மேலாளருக்குப் பிடித்துப்போனது. வரைபடம் குறித்த நாளில் வெளியானால் அவள் வேலை நிரந்தரம் என்று பேச்சு.

வெளியிட இருந்த வாரம் மறுபடி அலசியபோதுதான் அவளுக்கு உறைத்தது. அந்த மணிகள் செய்வது வெயிலைத் திருப்பி அனுப்பும் வேலை; 'பனி காப்பு' என்று போட்டால் யாரிடமும் சம்மதம் கேட்க வேண்டியதில்லை. பிறர் வைத்த பெயர்களை மறைத்தவள், தான் வைத்த பெயரை மறைக்கவில்லை.

"இப்ப வாயைத் திறந்தா வேலை போயிடும்டி" என்றேன்.

"திறக்கலன்னா அந்தக் கரையில இருக்கறவங்களை யாரும் கேக்க மாட்டாங்கக்கா."

மறுநாள் மேலாளரிடம் சொல்லிவிட்டாள்.

"வெளியிட்டுட்டு அப்புறம் திருத்திக்கலாம்மா. நீ கொண்டுவந்த வகைதானே?"

"அதான் சார், நானே எடுத்துடறேன். நாம வெளியிட்டா கம்பெனிக்காரங்க மறுநாளே தூவ ஆரம்பிச்சிடுவாங்க."

வரைபடம் தள்ளிப்போனது. வேலை நிரந்தரமாவது அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றார்கள். நிறுவனம் சம்மதம் கேட்டுப் போனபோது விரிகுடாக்காரர்கள் கூடிப் பேசி, மீன்பிடிக்கும் பக்கத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தில் தூவிக்கொள்ளச் சம்மதித்தார்களாம்.

"சரின்னுதானே சொல்லிட்டாங்க. இதுக்கா இவ்வளவு பாடு?" என்று கேட்டேன்.

"மீன் பக்கம் தூவாதேன்னும் சொல்லிருக்காங்கல்ல" என்றபடி சட்டைக்கு இஸ்திரி போட்டாள்.